மஞ்சள் பல்பும் அக்காவின் முகமும்

அக்கா வயதுக்கு வந்திருந்த அந்த வெள்ளிக்கிழமை மாலை தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அம்மாவின் தம்பியான மாமா இருந்தார், அத்தை இருந்தார், நான் இருந்தேன். கொழும்புக் கடையில் லீவு கிடைக்காததால் அப்பா வரவில்லை. அம்மா குவைத்தில் வீட்டுவேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்காரம்மா அவரிடம் அரைமணி நேரம் போனைக் கொடுப்பார்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அக்கா சேலை மறைப்பை விட்டு வெளியே வரக்கூடாது. வாசலில் பகல் வெளிச்சம் இருந்தும், மறைப்புக்குள் எல்இடி பல்பின் அடியில் அவளை உட்காரவைத்து, அம்மாவின் வீடியோ கால் வந்ததும் மாமா போனை நீட்டினார்.

"ஏன் தம்பி, புள்ள மூஞ்சியில கறுப்புக் கறுப்பா கோடு ஓடுது?" என்றார் அம்மா.

அக்காவைப் பார்த்தோம். முகத்தில் ஒன்றுமில்லை. போனில் மட்டும் கோடுகள் ஊர்ந்தன.

"கண்ணு பட்டுருச்சு அண்ணி," என்று அத்தை உப்பெடுக்க எழுந்தார்.

"நீ சும்மா இரு. வெள்ளை லைட்டுக்கு பிரீக்வன்சி கூட, போன் தாங்காது. மஞ்ச பல்பு போட்டா சரியாயிரும். அக்கா, போனை வச்சிராதீங்க!" என்று அம்மாவிடம் சொல்லி, போனை என் கையில் தந்துவிட்டு மாமா மழையில் கடைக்கு ஓடினார். வட்டவளை டவுனில் போன் கடையில் வேலைக்கு நின்றவர். நம்பாமல் என்ன செய்வது?

பிரீக்வன்சியைப் பற்றி நான் பின்னால்தான் படித்தேன். ஒளியலை நொடிக்குப் பல நூறு லட்சம் கோடி தடவை அதிர்கிறது. நிறம் அதைப் பொறுத்தது. மலிவான பல்பு கரண்டோடு சேர்ந்து நொடிக்கு நூறு தடவை மங்கி எரிவது வேறு விஷயம். அது கண்ணுக்குத் தப்பிவிடும். வரிவரியாகப் படம் பிடிக்கும் கேமராவுக்குத் தப்பாது. நிறத்தை மாற்றினால் அந்தத் துடிப்பு நிற்காது.

அரைமணி நேரத்தில் பெரும்பகுதி போன பிறகு, மாமா நனைந்தபடியே வந்து மஞ்சள் எல்இடி பல்பை மாட்டினார்.

"இப்ப எப்பிடிக்கா?"

"நல்லாத் தெரியுது தம்பி. எம்புள்ள லட்சணமா இருக்கா," என்றார் அம்மா. அவர் குரல் களைத்திருந்தது. லைன் கட்டானது.

"பாத்தியாடா?" என்றார் மாமா. எனக்கென்னவோ கோடுகள் அப்படியே இருந்ததுபோலத்தான் பட்டது. அம்மாவே நன்றாகத் தெரிகிறது என்ற பிறகு, என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கும் வயதில்லை.

பல்புக்கு நானூற்றைம்பது ரூபாய் ஆனது. அந்தக் கோலத்தில் அம்மா தன் மகளைத் தெளிவாகப் பார்க்கவேயில்லை.