சிறுமூளைச் சான்றிதழ்

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் எலிசாளின் புருஷன் அருமைநாயகம் மோர் புளித்தால்கூடத் தொட்டதில்லை. திருவனந்தபுரத்தில் சபைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குக் காரியதரிசி வேறு. 1934 மழையில் கரமனை ஆற்றுப் படியில் வழுக்கி, பிடரியில் அடிபட விழுந்தார். அன்றிலிருந்து தள்ளாட்டம், நாக்குழறல். சாக்கட்டியை எடுக்கப் போன கை அதைத் தாண்டிப் போய் மேசையில் இடித்தது. ஊருக்கு வேறென்ன வேண்டும்? கள் என்று முடிவு கட்டிவிட்டது. வேலைக்கே ஆபத்து வந்தது.

டாக்டர் சுந்தரராமன் மூக்கைத் தொடச் சொன்னார். வலக்கை விரல் நடுங்கிக்கொண்டே போய்க் கன்னத்தில் குத்தியது.

"பிடரிக்குள்ளே, பெரிய மூளைக்கு அடியிலே சிறுமூளை இருக்கு. கையைத் தூக்குன்னு சொல்றது பெரிய மூளை. எவ்வளவு தூக்கணும், எங்கே நிறுத்தணும்னு திருத்தறது இது. நடைக்கும் பேச்சுக்கும் அப்படித்தான். இவருக்கு அதிலே வலப்பக்கம் அடி, அதனாலே வலக்கையும் வலக்காலும் தவறறது. புத்திக்கு ஒரு குறையும் இல்லே."

அப்படியே சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் ஞானசிகாமணி அதை வாசித்து, 'சிறுமூளை'யில் வந்து நின்றார்.

"குடி இல்லைன்னா சந்தோஷம். ஆனா மூளை சிறுத்துப்போன ஆளு பிள்ளையளுக்குக் கணக்கு எப்படிப் படிப்பிப்பாரு?"

எலிசாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது எல்லாருக்கும் உண்டு ஐயா! உங்களுக்கும் சிறுமூளை இருக்கு!"

அவர் முகம் சுருங்கியது. அதோடு காரியம் கெட்டது.

வீடு வரைக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். குடித்தவன் ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் குற்றத்தை அறிக்கையிட்டால் மன்னித்து வேலையில் வைப்பது அங்கே வழக்கம். மூளை சிறுத்தவனுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

"குடிச்சேன்னு சொல்லிருங்க."

"நானா?"

"நீங்கதான். உண்மையைச் சொல்லித்தான் பாத்தாச்சே!"

ஞாயிற்றுக்கிழமை அருமைநாயகம் எழுந்து, குழறிக் குழறி, குடித்ததாகச் சொன்னார். சபை மனமுருகியது. சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எலிசாளுக்கு அவர்கள் எல்லாரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. வேலை நிலைத்தது.

மதுவிலக்கு உறுதிமொழிப் புத்தகத்தை நீட்டினார்கள். முதல் பக்கத்தில் முதல் கையெழுத்தே அவருடையதுதான், அச்சுப்போல. இன்று பேனா கோட்டைத் தாண்டிக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

ஞானசிகாமணி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "போகட்டும் வாத்தியாரே. இன்னும் முழுசாத் தெளியல்ல."