சக்கையும் சாளையும்

அம்மாவின் சித்தப்பா இறந்தபோது அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஆனால் ஊரில் எல்லாரும் அவர்களைப் ‘பிள்ளையள்’ என்றுதான் சொன்னார்கள். நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என்னைக்கூட யாரும் அவ்வளவு பிள்ளையாக நினைத்ததில்லை.

அவர்கள் எனக்கு மாமாவும் சித்தியும். அவர்கள் சின்னவர்களாக இருக்கும்போதே அவர்களுடைய அம்மா புல்லறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோனாள். அன்றிலிருந்து அவர்களுடைய அப்பாவுக்கு வெளி என்றாலே பயம். இரண்டு பேரின் படிப்பையும் நிறுத்தினார். அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து அவரே சமைத்தார், அவரே சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் போனார். மாமாவுக்கு மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் மீனில் முள் எடுத்துத்தான் தட்டில் வைப்பார். சிதறாலுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, சுற்றிலும் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு, சக்கை காய்த்துத் தொங்கும் ஒரு வருக்கைப் பலா. அவர்களுடைய உலகமும் சொத்தும் அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்தார்கள். கொட்டாரம் ஊரில் கோழிப்பண்ணை வைத்திருந்த பெரியமாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தீர்ப்புச் சொன்னார். மாமா அவருடைய பண்ணைக்கு. சித்தி நாகர்கோவில் பக்கம் பெண்களுக்கான ஒரு ஆதரவு இல்லத்துக்கு. “அதுகளுக்குத் தனியா ஒரு கடைக்குப் போவத் தெரியுமா?” என்று கேட்டார். சரிதான் என்றார்கள் எல்லாரும். அம்மாவும் தலையை ஆட்டினாள். மாமாவும் சித்தியும் அடுக்களை வாசலில் நின்று, வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவர்களுக்குப் புட்டு கொண்டுபோன அம்மாவோடு நானும் போனேன். கதவு பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டில் பூட்டு தொங்கி நான் பார்த்ததே இல்லை. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லாததால் இறந்துபோனவரின் செல்போனுக்கு அடித்தாள். அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். பூட்டிய வீட்டுக்குள்ளே அது விடாமல் மணியடித்தது. அம்மாவின் கையிலிருந்த தூக்குவாளி கீழே விழுந்து புட்டெல்லாம் மண்ணில் சிதறியது.

கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிட்டது. சிலர் குளத்துக்கு ஓடினார்கள். எங்கள் வீட்டில் தங்கியிருந்த பெரியமாமா பாதாளக்கரண்டி வாங்கிவரச் சொல்லிக் கிணற்றுக்குள் விட்டார். வாளி கிணற்றுச் சுவரில்தானே இருக்கிறது, எதைத் தேடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. போய் வாளியைக் காட்டியும் கொடுத்தேன்.

“நீ மிண்டாம நில்லு மக்கா” என்றார் பெரியமாமா. அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் இருவரும் ரோட்டில் நடந்து வந்தார்கள். முன்னால் சித்தி, தலைமுடி கலைந்து, சேலை விளிம்பெல்லாம் மணல் ஒட்டி. பின்னால் மாமா. அவர் கையிலிருந்த பையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா ஓடிப்போய் மாமாவின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். “எங்கலே போனிய? சொல்லிட்டுப் போவப்பிடாதா?”

“சக்கை விக்கப் போனோம் அக்கா” என்றார் மாமா, அடியை வாங்கிக்கொண்டே. “மார்த்தாண்டம் சந்தைக்குன்னுதான் ஏறினோம். பஸ்ஸு கடலுக்குக் கொண்டு விட்டுட்டு.”

அவர்கள் ஏறியது தேங்காய்ப்பட்டணம் பஸ். இறங்கிய இடத்தில் சக்கையை நடுவில் வைத்துக்கொண்டு, முதல்முதலாகக் கடலைப் பார்த்தபடி இருவரும் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சித்திதான் முதலில் எழுந்திருக்கிறாள். மீன் விற்கிற ஒரு பெண்ணிடம் போய், இந்தச் சக்கை தேனாக இனிக்கும் என்றிருக்கிறாள். அந்தப் பெண் சக்கையைத் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு, பை நிறையச் சாளை மீனைக் கொடுத்து, சரியான பஸ்ஸிலும் ஏற்றி விட்டிருக்கிறாள். பழுத்தால் இன்னொன்று கொண்டு வா என்றும் சொல்லியிருக்கிறாள்.

காலையில் வேன் வந்துவிடும், துணிமணியைக் கட்டி வையுங்கள் என்றார் பெரியமாமா. சித்தி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வேன் வேண்டாம் பெரியண்ணே. அண்ணனுக்குச் சுமக்கத் தெரியும், எனக்குக் கேக்கத் தெரியும். ரெண்டுபேரும் சேந்து பொழச்சுக்கிடுவோம்.”

“நாளைக்கும் தப்பான பஸ்ஸுல ஏறினா?”

“இன்னைக்கும் தப்பாத்தானே ஏறினோம்” என்றாள் சித்தி.

பெரியமாமா சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். பிறகு முற்றத்துக்குப் போய் வேன்காரனை அழைத்து, வர வேண்டாம் என்றார். மாமாவும் சித்தியும் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். சக்கைக் காலத்தில் சக்கை, மற்ற நாட்களில் மரச்சீனி என்று கடற்கரையில் அவர்களுக்கு நிறைய வாடிக்கை.

அன்று சாயங்காலம் யாரையும் அடுக்களைக்குள் விடாமல் சித்தியே குழம்பு வைத்தாள். சாளையில் செதிள் சரியாகப் போகவில்லை, புளியும் கூடிவிட்டது. அம்மா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்தவர் சமையலில் ஒரு குறையாவது சொல்லாமல் கை கழுவாதவள், அன்று தட்டை வழித்தெடுத்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். குழம்பில் காரம் அவ்வளவு போலிருக்கிறது என்று நினைத்து, நான் ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.