கரும்பலகையில் ஏறிய என் கேள்வி

லால்குடிக்காரர்கள் ஸ்ரீரங்கம் போவது பெருமாளைச் சேவிக்க. போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் போனதற்குக் காரணம் என் நாத்தனார் கமலம். சுதந்திரத்துக்கு முன்பிருந்தே மாதந்தோறும் சொற்பொழிவு நடத்தும் அறிவியல் சபை ஒன்று அங்கே இருக்கிறது. பேச வந்தவருக்கு விடை தெரியாத கேள்வியை யாராவது கேட்டுவிட்டால், கேட்டவர் பெயரோடு அதை வாசல் கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். விடை கிடைக்கும்வரை அழிப்பதில்லை. வெங்காயம் நறுக்கினால் ஏன் கண்ணீர் வருகிறது என்ற கமலத்தின் கேள்வி அங்கே மூன்று மாதம் இருந்தது. அந்தப் பெருமையைத் தீபாவளிக்கும் சொன்னாள், பொங்கலுக்கும் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

மதியம் இரண்டரைக்குப் பாசஞ்சர். பத்து மைல், மூன்றாம் வகுப்பு டிக்கெட் முப்பது நயா பைசா. கொள்ளிடம் பாலம் வருமுன் ஜன்னலோரம் இடம் பிடித்துவிடுங்கள், மலைக்கோட்டை தெரியும். ஸ்டேஷனிலிருந்து ஜட்காவுக்கு நாலணா.

"சபைக்கா? கேள்வி எடுத்துட்டு வந்திருக்கீங்களாம்மா?" என்றார் வண்டிக்காரர்.

இரண்டு கொண்டுபோயிருந்தேன். அன்று மூச்சைப் பற்றிப் பேசிய டாக்டர், பேச்சோடு பேச்சாக இரண்டுக்குமே விடை சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அடுத்தவரும் விட்டார், அன்றும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமலமும் விட்டாள், நானும் விட்டேன். பேச்சு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்தேன்.

"டாக்டர், ஒருத்தர் கொட்டாவி விட்டா, பார்க்கிறவங்களுக்கும் ஏன் வருது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்குக் கொட்டாவிதான் வந்தது. சபையே சிரித்தது. "தெரியலைங்க" என்றார். சபைச் செயலாளர் விருட்டென்று எழுந்து வெளியே போனார். பெரிய மனிதரைக் கேலி செய்துவிட்டேனோ என்று பயந்து பையைத் தூக்கினேன். கமலம் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க அண்ணி? அவரு போர்டுல எழுதப் போயிருக்காரு."

சொல்லும்போதே அவள் முகம் சுருங்கியதில் எனக்கு ஏகக் குஷி. திரும்பும்போது கரும்பலகை முன் நின்று என் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

படித்த ஒருவர் நாலு பேர் முன்னால் "தெரியலை" என்று சொல்ல, அதை யாரும் குறைவாக நினைக்காத இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்காகவே போகலாம். கூட்டம் நாலு மணிக்கு, கட்டணம் கிடையாது. கமலம் இப்போது திருச்சி டாக்டர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறாளாம். உங்களுக்கு விடை தெரிந்தால், மூன்று மாதமும் ஒரு நாளும் ஆகும்வரை தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.