அப்பா நின்றுகொண்டு சாப்பிட்ட காலம்

1. அப்பாவுக்கு இட்லி நெஞ்சில் நின்றது.
2. எழுந்து நின்று, அண்ணாந்து, சொம்பைத் தலைக்கு மேல் தூக்கி மடமடவென்று தண்ணீரை ஊற்றிக்கொண்டார். இட்லி இறங்கியது.
3. சில வருடங்கள் இதையே செய்தார்.
4. காய்ச்சலும் நெஞ்சுவலியும் வந்தன. அம்மா கேஸ் என்று சொல்லி, மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள்.
5. அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில், இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் குழாய் விட்டுச் சீழ் எடுத்தார்கள்.

இரண்டிலிருந்து ஐந்துக்கு எப்படி வந்தோம் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை திறக்கவில்லை. சாப்பாடு மேலேயே தேங்கி, குழாய் வீங்கி, சுவர் புண்ணாகி ஓட்டை விழுந்துவிட்டது. அதற்கு அடுத்த வீடு இதயம். கிருமிகள் குடிபோயிருந்தன.

அப்பா ஊருக்குத் தண்ணீர் விடும் வேலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். உயரம் கூடினால் அழுத்தம் கூடும் என்பது அவர் சித்தாந்தம். கல்யாணப் பந்தியில் ரசத்துக்கு நடுவே எழுந்து நிற்பார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்து அவர் இலையில் மட்டும் இன்னொரு ஜாங்கிரி வைப்பார்கள்.

மருந்தில் ஓட்டை ஆறியது, சீழுக்காக விட்ட குழாயையும் எடுத்தார்கள். தசையை வெட்டிவிடாவிட்டால் மறுபடியும் வரும், இன்னொரு தடவை உடம்பு தாங்காது என்றார் டாக்டர். அப்பா ஆபரேஷனே வேண்டாம் என்றார். வழிதான் கைவசம் இருக்கிறதே! கஞ்சி வந்ததும் சொம்போடு கட்டில்மேல் ஏறிவிட்டார்.

“இன்னா சார், பெட்டு மேல நின்னுகினு கீறீங்க? உழுந்தா என் வேலை பூடும்!” என்று ஆயா கத்தினார்.

“ஆத்துல நின்னது போறாதா? ஊருக்கெல்லாம் காட்டிண்டு நிக்கணுமா?” என்றாள் அம்மா.

எனக்கு பம்ப் கம்பெனியில் வேலை. கேட்டேன்: “அப்பா, ஒரு வால்வு திறக்கலை. பிரஷரை ஏத்திண்டே போனா என்ன ஆகும்?”

“பைப் வெடிக்கும்,” என்றார், யோசிக்காமல்.

“வெடிச்சாச்சு.”

சொம்பைப் பார்த்தார். மெதுவாக இறங்கினார்.

“அந்த டாக்டர் தசை தசைன்னுண்டிருந்தார். வால்வுன்னு சொல்ல வேண்டாமோ?” என்று குறைப்பட்டுக்கொண்டே, கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.

தசையை வெட்டியாகிவிட்டது. இதயத்தைச் சுற்றிச் சீழ் இல்லை. அப்பா மூன்று இட்லியை உட்கார்ந்தே சாப்பிடுகிறார். சொம்பு கறிவேப்பிலைச் செடிக்குப் போய்விட்டது. அடுத்த பரிசோதனை வரும் மாதம்.