திருஷ்டிப் பொட்டு

சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் போகும் டிராலி பஸ்ஸில் இன்று நானும் என் மகள் செல்வியும் போனோம். அவளுக்கு ஒன்றரை வயது. சீனக் குடும்பத்திலிருந்து நாங்கள் தத்தெடுத்த பிள்ளை.

பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு சீன அம்மா, செல்வியின் கன்னத்தில் நான் வைத்திருந்த திருஷ்டிப் பொட்டை அழுக்கென்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று நினைத்திருப்பாரோ?

“அழுக்கில்லம்மா, கண்ணு படக்கூடாதுன்னு வச்சது” என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

பதறிப்போனவர், தன் பையிலிருந்த புருவ மையை எடுத்து, அதே இடத்தில் என்னுடையதைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

“இவ்வளவு அழகான பிள்ளைக்குச் சின்னப் பொட்டு பத்தாது லா!” என்றார்.

மாலையில் குளிப்பாட்டினேன். அந்தக் கன்னத்தில் மட்டும் சோப்புப் போட மனம் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமா?