பத்தாவது வாதை என் முறைக்கு வந்தது

எனக்குப் பேய்ப் பயம் கிடையாது. பாம்புப் பயம் கொஞ்சம் உண்டு. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டியில் குடியிருந்த காலத்தில் என்னை நடுநடுங்க வைத்தது எங்கள் வியாழக்கிழமை வேதக் கூட்டம்தான். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

போதகர் வீட்டு விறாந்தையில் பெண்கள் நாங்கள் சிலர் பின்னேரம் கூடுவோம். கிழமைக்கு ஒரு கதை; அப்போது எகிப்தின்மேல் ஆண்டவர் அனுப்பிய பத்து வாதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தோம். அந்தக் கிழமை யாருடைய முறையோ அவள் வேதத்தை மூடி மடியில் வைத்துவிட்டு, கதையைத் தன் சொந்த வாயால் சொல்லவேண்டும். அதோடு விட்டாரா போதகரம்மா? அவரும் என்னைப் போல யாழ்ப்பாணத்துக்காரி, கண்டிப்பானவர்.

"எங்கையோ எகிப்திலை நடந்ததெண்டு சொல்லாதேங்கோ. உங்கடை வீட்டிலை நடந்தமாதிரிச் சொல்லுங்கோ. அப்பதான் நெஞ்சிலை தைக்கும்" என்பார்.

முதலில் அது நல்ல விளையாட்டாகத்தான் இருந்தது. கண்டி வாவியிலிருந்து தவளைகள் கிளம்பிவந்து தன் மாமியாரின் சோற்றுப் பானைக்குள் குதித்ததாக ஒருத்தி சொன்னாள். அந்த மாமியாரும் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. கட்டம்பேயில் மகாவலி வற்றி, பாறைகளுக்கு இடையில் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. குட்டைகளில் நுளம்பு பெருகியது. பின்னாலேயே மலேரியாக் காய்ச்சல் வந்தது. கெலிஓயாப் பக்கமிருந்து மாட்டு வண்டிகளில் ஆட்களைச் சாக்கால் போர்த்திக்கொண்டு வருவதை வீதியில் கண்டோம். நாங்கள் ஆறு கெட்டுப்போன கதையைச் சொன்ன பிறகுதான் ஆறு வற்றியது. பறக்கிற பூச்சிகளின் கதையைச் சொன்ன பிறகுதான் நுளம்பு வந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கொப்புளங்களின் கதை சொல்லி முடிந்த கிழமை, நான் மகனின் சட்டையைக் கழற்றி முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்வேன்.

பிறகு, யாருக்கு எந்தக் கதை வரும் என்று விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். பத்தாவது வாதை எனக்கு. எகிப்தில் வீடு தவறாமல் தலைச்சன் பிள்ளைகள் செத்த கதை. அரசனின் பிள்ளை முதல் திருகையில் மாவரைக்கும் அடிமைப் பெண்ணின் பிள்ளை வரை, ஒருவரும் தப்பாத கதை. முன்கூட்டியே சொல்லப்பட்டு, ஆட்டு இரத்தத்தை வாசல் நிலையில் பூசியிருந்த வீடுகளை மட்டும் ஆண்டவர் கடந்து போனார். அதை என் வீட்டில் நடந்ததுபோல நான் சொல்லவேண்டும்.

எனக்கு இருந்தது ஒரே மகன், நாலு வயது. என் முறை வந்த அந்தக் கிழமையே அவனுக்குக் காய்ச்சல் கண்டது.

போதகரம்மாவிடம் ஓடினேன். இந்த ஒரு கதையை விட்டுவிட்டு அடுத்த செங்கடல் கதைக்குப் போய்விடலாமா என்று கெஞ்சினேன்.

"வேதத்திலை எங்களுக்குப் பிடிச்சதை மட்டும் எடுக்கேலாது. பயப்பிடாதேங்கோ, கதை சொல்லி ஒருத்தருக்கும் காய்ச்சல் வராது" என்றார். அவருடைய பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்து உத்தியோகத்தில் இருந்தார்கள். அவருக்கு என்ன, சொல்லலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழன் காலை மகனுக்கு சூப் வைக்க ஆட்டிறைச்சி கழுவினேன். சட்டியில் சிவந்த தண்ணீர் நின்றது. நான் படித்த பெண், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள். இருந்தும் அதில் விரலைத் தோய்த்து, மகன் படுத்திருந்த அறையின் நிலையில், உட்பக்கமாக, ஒரு கோடு இழுத்தேன். உடனே இவர் கண்டால் என்ன சொல்வார் என்று பயம் வந்து சீலைத் துண்டால் துடைத்தேன். துடைத்துவிட்டேனே என்று அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது.

கூட்டத்துக்குப் போனால் பிள்ளைக்கு ஆகாது, போகாவிட்டால் ஆண்டவருக்கு ஆகாது என்று தவித்தேன். இவர் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு மகனின் பக்கத்தில் இருந்தார். "போட்டு வாரும், நான் பாக்கிறன்" என்றார். போனேன்.

வேதத்தை மூடி மடியில் வைத்தேன். "எங்கடை வீட்டிலை..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. என் மகன் செத்தான் என்று எந்த வாயால் சொல்வது? எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான் சொல்றேங்க" என்று ஒரு குரல் கேட்டது. எங்களில் இளையவள் அவள். புருஷனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டிலிருந்து கண்டிக்கு வந்தவள். இரண்டு பெண்பிள்ளைகள். கூட்டத்தில் அதிகம் பேசமாட்டாள்.

"எங்க லயத்துல அன்னைக்கு எல்லா வீட்டுலயும் காய்ச்சல். எங்க பையனுக்கு ரெண்டு வயசு. பகல்ல கொதிக்கும், சாயந்தரமானா வெடவெடன்னு நடுங்குவான். நான் அம்மியில மொளகு அரைச்சுக்கிட்டு இருந்தேன், கசாயத்துக்கு. என்னையத் தூக்கச் சொல்லி அழுதான். அரைச்சு முடிச்சுட்டுத் தூக்குறேன்னு சொன்னேன். முடிச்சுட்டு, கையக் கழுவிட்டுப் போனேன்..."

நன்றாகச் சொல்கிறாள் என்று தவளைக் கதைக்காரி தலையை ஆட்டினாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவள் தன் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருப்பதைக் கண்டேன். அவளுக்கு ஒரு பையன் இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. இத்தனை வியாழக்கிழமைகளில் ஒருத்தியும் கேட்டதில்லை.

"லயத்துல எல்லாக் கதவும் ஒரே மாதிரிதாங்க இருக்கும்" என்றாள் அவள். "கதவுல என்னமோ பூசணும்னு எங்ககிட்ட யாரும் வந்து சொல்லலைங்க. சொல்லியிருந்தா பூசியிருப்பேன்."

போதகரம்மா ஜெபத்துக்கு எழுந்தார். எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவள் என் பக்கம் திரும்பி, "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. பிள்ளை தேடும்" என்றாள்.

ஓடினேன். வீதியில் யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்தபோது மகன் வியர்வையில் நனைந்து, தகப்பனின் மடியில் சாய்ந்து, விசுக்கோத்துக் கேட்டுச் சிணுங்கிக்கொண்டிருந்தான். நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்தேன். எங்கள் வீட்டைக் கடந்து போனீரே ஆண்டவரே, உமக்குத் தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன். கடந்து அடுத்ததாக யார் வீட்டுக்குப் போனீர் என்ற கேள்வி முந்திக்கொண்டு வந்து நின்றது. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது. கேட்காமல் ஆமென் சொல்லவும் பயமாக இருந்தது. ஆமென் சொல்லாமலே எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.