சாயக்காரரும் சிவப்பு மருந்தும்

காஞ்சிபுரத்தில் புற்றுநோய் வார்டில் என் பக்கத்துக் கட்டில்காரர், பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். நகக்கண்ணில் நீலம் போகவேயில்லை. இருவருக்கும் ஒரே சிவப்பு மருந்து. புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கையை நீட்டுவார்.

மூன்று முறை ஏற்றியதில் என் கட்டி சுருங்கியது, அவருடையது வளர்ந்தது.

“சிலருக்குக் கட்டிக்குள்ள இருக்கிற என்சைமே மருந்தை முறிச்சிடும்,” என்றார் டாக்டர்.

“பட்டுலயும் பசை இருந்தா சாயம் புடிக்காது சார். வேகவச்சு பசையை எடுத்துட்டுதான் போடுவோம். நீங்களும் முதல்ல அதை எடுத்துட்டு ஊத்துங்களேன்.”

“அதுக்கு இன்னும் வழி வரலைங்க.”

அவருக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் நர்ஸ் எனக்கு மட்டும் ஒரு புட்டி கொண்டுவந்தார். வீட்டுக்குக் கிளம்பிய சாயக்காரர் நின்று, அதை வெளிச்சத்தில் பார்த்தார். “உனக்கு கேட்டுடும்பா,” என்றார்.

அந்தக் குரலில் பொறாமையைத் தேடுகிறேன். இன்றுவரை கிடைக்கவில்லை.